பள்ளத்தைப் பார்த்து விண்கல்லா, விண்குப்பையா என்று எப்படிச் சொல்கிறார்கள்?

#1 கூடலூரான்

போன வாரம் கிருஷ்ணகிரி தாண்டி வரும்போது முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து என் கார் முன்கண்ணாடியில் பட்டது. நடுவில் ஊசிமுனை அளவு குழி, சுற்றிலும் பூ விரிந்த மாதிரி சில்லு. வண்டியை ஓரம் கட்டி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டம்மா "லாரிக்காரன் போயிட்டான், நீங்க கண்ணாடியை முறைச்சு என்ன ஆகப்போகுது" என்றார்.

எனக்கு அதைப் பார்த்ததும் 2016இல் பிரிட்டிஷ் விண்வெளி வீரர் டிம் பீக் விண்வெளி நிலையத்தின் கியூபோலா சன்னலில் எடுத்த படம்தான் ஞாபகம் வந்தது. 7 மி.மீ. அகலச் சில்லு. அச்சு அசல் இதே உருவம். அதற்குக் காரணம் ஒரு பெயின்ட் துணுக்கோ, மிகச் சிறிய உலோகத் துண்டோ, அளவு ஒரு மி.மீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும் என்று ஐரோப்பிய விண்வெளி முகமை எழுதியிருந்தது.

என் கேள்வி சின்னதுதான். அடித்தது என்ன என்று யாரும் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது ஒரு குழி மட்டும். குழியை வைத்து இது வானத்திலிருந்து வந்த கல், இது நாம் போட்ட குப்பை என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

#2 விண்மீன்பித்தன்

அருமையான இழை. விண்வெளியில் வேகம்தான் எல்லாம் சார். ஒரு மி.மீ. துகள் கூட அங்கே கைக்குண்டுக்குச் சமம். பட்டால் கலமே காலி!

#3 கணக்குப்பிள்ளை

பித்தன் தம்பி, கைக்குண்டை இறக்கி வையுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய உருண்டையின் எடை சுமார் 1.4 மில்லிகிராம். தாழ்வான பாதைகளில் குப்பை மோதும் வேகத்துக்கு நொடிக்கு 10 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் இயக்க ஆற்றல் 70 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 106 கி.மீ. வேகத்தில் வந்தால் அதே 70 ஜூல்தான். அதாவது வேகப்பந்து வீச்சாளர் போடும் மெதுவான பந்து. பிடித்துவிடலாம், கை கொஞ்சம் எரியும்.

ஆனால் விட்டத்தைப் பத்து மடங்கு ஆக்குங்கள். எடை ஆயிரம் மடங்காகும். 1 செ.மீ. உருண்டைக்கு 70,000 ஜூல். ஒரு டன் கார் மணிக்கு 43 கி.மீ.இல் வந்து மோதுவதற்குச் சமம். டிஎன்டி வெடிமருந்துக் கணக்கில் 17 கிராம்.

அப்படியானால் 1 மி.மீ. துகளுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்றால், பந்தின் 70 ஜூலை உங்கள் உள்ளங்கை முழுவதும் வாங்கிக்கொள்கிறது. துகளின் 70 ஜூல் ஒரு கடுகைவிடச் சின்ன இடத்தில், மைக்ரோநொடிக்குள் இறங்குகிறது. உலோகத்துக்கு விலகி வழிவிட நேரமே இல்லை.

#4 துருப்பிடித்தவன்

கணக்குப்பிள்ளை சொன்ன கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நான் ஓர் உலோகவியல் ஆய்வகத்தில் மின்னணு நுண்ணோக்கி ஓட்டுகிறவன். எனக்கு வருவதெல்லாம் உடைந்த போல்ட், தேய்ந்த பேரிங். ஆனால் ஆசைக்கு இதைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

அலுமினியத்துக்குள் ஒலி நொடிக்கு ஐந்தாறு கி.மீ. வேகத்தில் ஓடும். துகள் அதைவிட வேகமாக வந்தால், தகட்டின் வலிமை என்பதற்கே அர்த்தம் போய்விடுகிறது. துகளும் தகடும் அந்தக் கணத்தில் இரண்டு திரவம் மாதிரி நடந்துகொள்கின்றன. அதனால்தான் பள்ளம் அரைக்கோளமாக, உதடு வெளியே மடங்கிய கிண்ணம்போல இருக்கும். சாய்வாக வந்து மோதினாலும் பெரும்பாலும் வட்டம்தான், ரொம்பவே கிடையாக வந்தால் மட்டும் நீளும். அலுமினியத்தில் பள்ளத்தின் விட்டம் துகளைப்போலச் சுமார் ஐந்து மடங்கு. கண்ணாடி நொறுங்கும் இனம், அங்கே குழி சின்னது, சுற்றிப் பெயரும் சில்லு பெரியது. கூடலூரான் சார் கண்ணாடியில் கண்டதும் அந்தக் குடும்பத்துப் பூதான், வேகம்தான் ஏணி வைத்தாலும் எட்டாது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாது. விண்கல் போட்ட பள்ளமும் பெயின்ட் போட்ட பள்ளமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மோதிய துகள் பெரும்பாலும் உருகி ஆவியாகிவிடும். ஆனால் கொஞ்சம் பள்ளத்தின் சுவரில் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் வைத்து எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்-கதிரை விடும். மக்னீசியம், சிலிக்கான், இரும்பு, கூடவே கந்தகம், நிக்கல் என்றால் விண்கல். டைட்டானியமும் துத்தநாகமும் அலுமினியமும் சேர்ந்து வந்தால் வெள்ளைப் பெயின்ட். இரும்போடு குரோமியம் என்றால் எஃகு. வெறும் அலுமினிய ஆக்சைடு என்றால் திட எரிபொருள் ராக்கெட்டின் புகையில் வந்த துகள்.

முதல் பேர்போன வழக்கு 1983 ஜூனில் நாசாவின் விண்வெளி ஓடங்களின் ஏழாம் பயணம், போனது சாலஞ்சர். சன்னலில் கிட்டத்தட்ட 4 மி.மீ. குழி. தரைக்கு வந்ததும் நுண்ணோக்கியில் வைத்தார்கள். டைட்டானியம், அலுமினியம். பெயின்ட்! சன்னலைக் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. துணுக்கின் அளவு 0.2 மி.மீ. அளவில்தான் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

எனக்குப் பிடித்த வழக்கு 2006இல் அட்லாண்டிஸ் ஓடம். சரக்கறைக் கதவின் ரேடியேட்டரில் துளை விழுந்திருந்தது. துளைக்குள் இருந்த எச்சத்தைப் பார்த்தால் சர்க்யூட் போர்டு. யாருடைய செயற்கைக்கோள் வயிற்றிலிருந்து வந்ததோ.

#5 கூடலூரான்

தலைவரே, ஒரு சந்தேகம். கலத்தின் தகடே அலுமினியம். அதில் அலுமினியக் குப்பை மோதினால், எது தகடு எது எச்சம்?

#6 துருப்பிடித்தவன்

இந்த இடத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். பிரிக்க முடியாது. அதனால் பழைய அறிக்கைகளில் "எச்சம் காணப்படவில்லை" என்று ஒரு பெரிய கூட்டம் தனியாக நிற்கும். அந்தக் கூட்டத்தில் பாதி அலுமினியமா, ஆவியாகிப்போன விண்கல்லா என்று யாருக்கும் உறுதியாகச் சொல்ல வராது. இதைத் தாண்டத்தான் எல்டெஃபில் தங்கத் தகடு வைத்தார்கள். சுத்தத் தங்கம். அதில் தங்கம் அல்லாத எது தெரிந்தாலும் வந்தவன் கொண்டுவந்தது.

#7 பனங்கொட்டை

வணக்கம் எல்லாருக்கும். எல்டெஃப் எண்டால் என்ன அண்ணை? விளங்கேல்லை. கொஞ்சம் விரிவாச் சொல்லுங்கோ.

#8 துருப்பிடித்தவன்

கேட்டுவிட்டீர்கள் தம்பி, இனி நிறுத்த மாட்டேன்.

ஒரு பேருந்து அளவுக்கு, 9 மீட்டர் நீளம், பன்னிரண்டு பக்கம் வைத்த ஓர் உலோகப் பீப்பாய். எஞ்சின் கிடையாது, ஒளிப்படக்கருவி கிடையாது. உடம்பு முழுக்கத் தட்டுகள், தட்டுகளில் 57 சோதனைகள். வேலை என்ன? சும்மா கிடந்து அடி வாங்குவது. வேறொன்றும் இல்லை. 1984 ஏப்ரலில் சாலஞ்சர் கொண்டுபோய் விட்டது. ஒரு வருடத்தில் எடுத்துவிடுவதாகத் திட்டம். முதலில் பயண அட்டவணை தள்ளிப்போனது. பிறகு 1986 ஜனவரியில் அதே சாலஞ்சர் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியது. ஓடங்கள் இரண்டரை வருடத்துக்கு மேல் தரையிலேயே நின்றன. பீப்பாய் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டும். 1990 ஜனவரி 12 அன்று கொலம்பியா ஓடம் போய்ப் பிடித்தபோது ஐந்தே முக்கால் வருடம் ஆகியிருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் காற்றில் எரிந்து போயிருக்கும்.

கண்ணால் பார்க்கக்கூடிய பள்ளங்கள் மட்டும் 30,000க்கு மேல்.

எண்ணிக்கையைவிட அது எப்படிப் பறந்தது என்பதுதான் பெரிய விஷயம். புவியீர்ப்பாலேயே நிமிர்ந்து நிற்கும்படி செய்திருந்தார்கள். ஐந்தே முக்கால் வருடமும் ஒரே முகம் முன்னால், ஒரே முகம் பின்னால். மழையில் பைக் ஓட்டினால் சட்டையின் நெஞ்சுப்பக்கம் தொப்பலாகி முதுகு பாதி காய்ந்தே இருக்கும் இல்லையா? அதுபோல முன்முகத்தில் பின்முகத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு, பள்ளத்தின் அளவைப் பொறுத்து அதற்கும் மேல் அடி. விண்கல் எல்லாத் திசையிலிருந்தும் வரும். வட்டப்பாதைக் குப்பை உங்கள் வேகத்திலேயே ஓடுவதால் பின்னாலிருந்து வந்து துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே பின்முகத்தில் விண்கல் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். தங்கத் தகட்டை அங்கே வைத்ததும் விண்தூசியைச் சுத்தமாகப் பிடிக்கலாம் என்றுதான்.

பார்த்தால் பின்பக்கத் தங்கத்திலும் அலுமினியம், பெயின்ட்! ஆளே இல்லாத டீக்கடையில் யார் டீ ஆற்றியது என்று தேடினால், நீள்வட்டப் பாதையில் சுற்றும் பழைய ராக்கெட் அடுக்குகள். செயற்கைக்கோளை உயரமான பாதைக்கு அனுப்பிவிட்டு அப்படியே கிடப்பவை. புவிக்கு அருகே இறங்கும்போது அவை வட்டப்பாதையில் போகிறவர்களைவிட வேகமாக ஓடும். அந்தக் குப்பைதான் பின்னாலிருந்து வந்து முதுகில் அடிக்கிறது. அதுவரை இருந்த கணிப்புகளில் இந்தக் கூட்டத்துக்கு உரிய இடமே தரப்படவில்லை.

இன்னொன்று. ஒரு சோதனையில் மோதிய நேரத்தையும் பதிவு செய்யும் உணரிகள் இருந்தன. மோதல்கள் சீராக வரவில்லை. பாதையின் ஒரே இடத்தைக் கடக்கும்போது சுற்றுக்குச் சுற்று கொத்தாக அடி விழுந்திருக்கிறது. அதாவது குப்பை தூறலாக இல்லை, மேகம் மேகமாகச் சுற்றுகிறது.

(எல்டெஃபோடு ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் தக்காளி விதைகளும் போய் வந்தன. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விதைக்கக் கொடுத்தார்கள். இதற்கும் நம் தலைப்புக்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

#9 பனங்கொட்டை

நன்றி அண்ணை. அந்த டீக்கடை நல்லாப் பிடிச்சிருக்கு.

#10 சந்தேகராணி

எல்லாம் சரி. ஆனால் இப்போதெல்லாம் எது ஒழுகினாலும் "நுண் விண்கல் அடித்துவிட்டது" என்று சொல்லித் தப்பிப்பது ஒரு வழக்கமாகிவிட்டதே? 2022 டிசம்பரில் நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்எஸ்-22 கலத்தின் குளிரூட்டும் திரவம் மொத்தமும் பீய்ச்சியடித்து வெளியேறியது. 0.8 மி.மீ. துளை, விண்கல்தான் என்றது ரஷ்ய விண்வெளி நிறுவனமான ரோஸ்கோஸ்மாஸ். இரண்டு மாதம் கழித்து, 2023 பிப்ரவரியில், ப்ரோக்ரஸ் சரக்குக் கலம் ஒன்றிலும் அதே மாதிரி ஒழுகல். அக்டோபரில் நௌகா பகுதியின் ரேடியேட்டரில் ஒழுகல். ஒரே நாட்டுக் கலங்களைத் தேடித் தேடி அடிக்கும் விண்கல்லா?

#11 விண்மீன்பித்தன்

அக்கா, அது ஜெமினிட் விண்கல் பொழிவு உச்சத்தில் இருந்த நாள்! டிசம்பர் 14. பொருந்துகிறதே!

#12 கணக்குப்பிள்ளை

தேதி பொருந்துகிறது, திசை பொருந்தவில்லை. பொழிவு விண்கற்கள் எல்லாம் ஒரே திசையிலிருந்து இணையாக வருபவை. துளை விழுந்த பக்கம் அந்தத் திசைக்குச் சரிப்படவில்லை, ஜெமினிட் அல்ல என்று நாசாவும் ரஷ்யர்களும் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்கள். பொழிவைச் சேராத உதிரி விண்கல் என்பதுதான் அவர்கள் வாதம். விண்கற்களில் பெரும்பான்மை அப்படி உதிரியாக வருபவைதான்.

ராணி அக்காவின் சந்தேகத்தை நான் தள்ளவில்லை. ஆனால் ஒழுகல் மூன்று என்பதால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

#13 துருப்பிடித்தவன்

ராணி அக்கா, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்கிறேன்.

எம்எஸ்-22 இன் ரேடியேட்டர் இருந்தது பின்னால் உள்ள கருவிப் பகுதியில். தரை இறங்குமுன் சோயுஸ் அந்தப் பகுதியைக் கழற்றி விட்டுவிடும், அது காற்றில் எரியும். 2023 மார்ச் 28 அன்று கூண்டு ஆளில்லாமல் கஜகஸ்தானில் இறங்கியது. துளை இருந்த பகுதி சாம்பல். நுண்ணோக்கிக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. நிலையத்தின் எந்திரக்கை வாங்கிய அடியும் இப்படித்தான். 2021 மே மாதம் கனடாக்கை-2 இன் போர்வையில் சுமார் 5 மி.மீ. துளை கண்டார்கள். ஒளிப்படம் இருக்கிறது, எச்சம் மேலேயே இருக்கிறது.

2011இல் ஓடங்கள் ஓய்வு பெற்றன. அதுவரை மேற்பரப்புகள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. ஓடமே பெரிய மேற்பரப்பு, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சன்னலையும் ரேடியேட்டரையும் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்கள். 1984இல் எல்டெஃபை விட்ட அதே பயணத்தில் சோலார் மேக்ஸ் கோளைப் பழுது பார்த்து அதன் பழைய போர்வைகளை எடுத்து வந்தார்கள், அதிலும் பெயின்ட் துணுக்குகள் ஏராளம். ஹபிள் தொலைநோக்கியின் சூரியத் தகடுகள் 1993இலும் 2002இலும் வந்தன. 2009இல் அதன் பழைய ஒளிப்படக்கருவி ஒன்று வந்தது, 2.2 மீட்டருக்கு 0.8 மீட்டர் ரேடியேட்டரோடு, பதினைந்து வருடத்துக்கு மேல் அடிவாங்கிய பலகை. அதற்குப் பிறகு அந்த அளவுக்கு ஒன்றும் வரவில்லை. நிலையத்திலிருந்து அவ்வப்போது சில உறைகள், சில தகடுகள். அவ்வளவுதான்.

#14 கூடலூரான்

ரேடார் வைத்துப் பார்க்கிறார்களே, அது போதாதா?

#15 கணக்குப்பிள்ளை

வழக்கமான கண்காணிப்பில் தாழ்பாதைப் பொருள்கள் 10 செ.மீ. வரை பட்டியலில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நிலையம் அவ்வப்போது விலகிப் போகிறது. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடார் 2, 3 மி.மீ. வரை எண்ணும், ஆனால் அது ஒரு சாலையோரம் உட்கார்ந்து போகிற வண்டிகளை எண்ணுவது போல. எந்த வண்டி எப்போது உங்கள் தெருவுக்கு வரும் என்று சொல்லாது.

கலத்தைக் கொல்வதில் முக்கியமான ஆள் அதற்கும் கீழே, 1 மி.மீ.ஐ ஒட்டி. அதைப் பற்றிய அறிவு பெரும்பாலும் திரும்பி வந்த மேற்பரப்புகளிலிருந்து வந்தது. ஓடமும் நிலையமும் ஹபிளும் பறந்தது எல்லாம் 600 கி.மீ.ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான். குப்பை நெரிசல் அதிகம் உள்ளது 700 முதல் 1,000 கி.மீ. வரை. சீனா 2007 ஜனவரியில் ஃபெங்யுன்-1சி செயற்கைக்கோளை உடைத்தது 865 கி.மீ.இல். 2009 பிப்ரவரியில் இரிடியம்-33உம் காஸ்மோஸ்-2251உம் மோதியது 789 கி.மீ.இல். அங்கே போய் வந்த தகடு ஒன்றுகூட நம் கையில் இல்லை. 2016 ஆகஸ்டில் சென்டினல்-1ஏ, 700 கி.மீ.க்கு அருகே, சூரியத் தகட்டில் அடி வாங்கியது. மின்சாரம் லேசாகக் குறைந்தது, பாதை லேசாக நகர்ந்தது. கலத்தில் தற்செயலாக ஒளிப்படக்கருவி இருந்ததால் 40 செ.மீ. அகலத்துக்குச் சேதம் தெரிந்தது. அடித்தது சில மி.மீ. துகள். ஒளிப்படக்கருவி இல்லாத கோள்கள் எத்தனை அடி வாங்கினவோ, யார் கண்டது.

இதற்கென்றே நாசா 2017 டிசம்பரில் ஒரு சதுர மீட்டர் உணரி ஒன்றை நிலையத்துக்கு அனுப்பியது. 2018 ஜனவரி 1இல் ஓடத் தொடங்கி 26 நாளில் செயலிழந்தது. மூன்று வருடம் ஓட வேண்டியது.

#16 விண்மீன்பித்தன்

நம்ம நாடும் 2019இல் மிஷன் சக்தி செய்து

[மட்டுறுத்துனர்: இதற்குப் பின் வந்த பதினோரு பதிவுகள் அரசியல் அரட்டை என்பதால் வேறு இழைக்கு மாற்றப்பட்டன. சக்தி சோதனை (ஏவுகணையால் நம் செயற்கைக்கோள் ஒன்றையே உடைத்தது) 300 கி.மீ.க்குக் கீழே நடந்தது, அதன் துண்டுகள் பெரும்பாலும் சீக்கிரமே எரிந்துவிட்டன, ஆனால் சில துண்டுகள் நிலையத்தின் உயரத்தைத் தாண்டி எறியப்பட்டன. இரண்டும் உண்மை. பேச வேண்டியவர்கள் அங்கே பேசுங்கள்.]

#28 கணக்குப்பிள்ளை

மட்டுறுத்துனர் மன்னிக்க, ஒரே வரி. நம் பங்கு என்று பேசுவதானால் சக்தியைவிட 2001 டிசம்பரைப் பேசுங்கள். அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பிஎஸ்எல்வி-சி3 இன் நான்காம் அடுக்கு, வேலை முடிந்து சுற்றிக்கொண்டிருந்தபோது மிச்ச எரிபொருளோடு வெடித்து 300க்கு மேல் துண்டானது. பிறகுதான் இஸ்ரோ மிச்சத்தை வெளியேற்றிவிட்டு அடுக்கை விடும் முறைக்கு வந்தது. யாரும் யாரையும் திட்டாத, ஆனால் கணக்கில் ஏறிய குப்பை.

#29 சந்தேகராணி

சரி, கவசம் என்று ஒன்று இருக்கிறதே? தடித்த தகடு போட்டுவிட்டால் என்ன?

#30 துருப்பிடித்தவன்

தடிமன் உதவாது அக்கா, எடை தாங்காது. வானியலாளர் ஃப்ரெட் விப்பிள் 1940களிலேயே சொன்ன வழி வேறு. சுவருக்கு முன்னால், இடைவெளி விட்டு, ஒரு மெல்லிய தகடு. அது தடுக்காது, உடைக்கும். வந்த துகள் அதில் பட்டு உருகித் தூளாகி விரியும். இடைவெளியைக் கடந்து சுவரைத் தொடும்போது குத்தூசி இல்லை, ஒரு கைப்பிடி தவிடு. நிலையத்தின் முக்கியப் பகுதிகளில் நடுவில் நெக்ஸ்டெல், கெவ்லார் துணிகளும் வைத்திருக்கிறார்கள். 1 செ.மீ. வரை சமாளிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், மெதுவாக வரும் துகள் சில நேரம் அதிகம் ஆபத்து. நொடிக்கு 3 கி.மீ.இல் வந்தால் முதல் தகட்டில் சரியாக உடையாமல் முழுசாகவே உள்ளே போகும்.

1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை கவசமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அந்த இடத்தில் அதிர்ஷ்டம்தான் கவசம்.

சன்னலுக்கும் கண்ணாடிக்கும் இதெல்லாம் போட முடியாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி திறந்தே கிடக்கிறது. 15 லட்சம் கி.மீ. தள்ளி, குப்பையே இல்லாத இடம். அங்கேயும் 2022 மே மாதம் சி3 என்ற துண்டில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய விண்கல் பட்டது. இப்போது ஓடும் திசையை நேராகப் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். மறுபடி அதே பைக், அதே மழை.

#31 பனங்கொட்டை

சீனாக்காரரின்ர ஷென்சோ-20 சன்னலும் வெடிச்சதெல்லோ? 2025 நவம்பரிலை.

#32 துருப்பிடித்தவன்

ஆமாம் தம்பி. திரும்புகிற கூண்டின் சன்னலில் மெல்லிய விரிசல், விண்குப்பையாக இருக்கும் என்றார்கள். மூன்று பேரையும் நவம்பர் 14 அன்று ஷென்சோ-21 இல் இறக்கிவிட்டு, 25 அன்று ஆளில்லாமல் ஷென்சோ-22ஐ ஏவினார்கள். எனக்கு அந்தச் சன்னல்மேல் ஒரு கண். எம்எஸ்-22 போல இல்லை, அடி விழுந்தது எரியும் பகுதியில் இல்லை, இறங்கும் பகுதியில். விரிசலின் மையத்தில் ஒரு துளி டைட்டானியமாவது இருக்காதா என்று ஒரு நப்பாசை.

கூடலூரான் சார், பேச்சு வாக்கில் மறந்தே போனேன். உங்கள் கார்க் கண்ணாடியின் அந்தப் பூ இருக்கிறதே, குழியோடு ஒரு சின்னத் துண்டை வெட்டிப் பொட்டலம் கட்டி அனுப்புங்கள். சனிக்கிழமை மதியம் எந்திரம் சும்மாதான் இருக்கும். ஜல்லியா, டயரில் சிக்கிய இரும்பா என்று பார்த்துப் படத்தோடு இங்கேயே போடுகிறேன்.

#33 கூடலூரான்

ஆகா! இப்போதுதான் ஒர்க்ஷாப்புக்கு போன் போட்டேன். புதுக் கண்ணாடி மாட்டி வண்டி ரெடியாம். பழையதைக் கேட்டேன். "அது எதுக்கு சார், காலையிலயே காயலான் கடைக்குப் போட்டாச்சு" என்கிறான்.